வடம் உண்டு, வழி இல்லை

ஏரியில் நீர் தளும்பி நிற்கலாம், கால்வாய் தூர்வாரப்பட்டிருக்கலாம், மதகு துருவேறித் திறவாது போனால் கடைமடை வயலுக்கு ஒரு சொட்டு நீரும் எட்டாது. தமிழகத்து உழவர்க்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நீரோடும் கால்வாய்க்குரிய இவ்வுண்மை இன்று செய்தியோடும் வடத்திற்கும் பொருந்தி வருகிறது. கணிப்பொறியின் இயக்க முறைமையைப் புதுப்பித்த மறுநாள், சுவரிலிருந்து வரும் இணைய வடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரவுட்டரில் விளக்கு எரிகிறது. மாதக் கட்டணமும் செலுத்தப்பட்டிருக்கிறது. ஆயினும் இணையம் மட்டும் வரவில்லை. நகரத்தில் இஃது அரைநாள் தொல்லை. மலையில் இது ஒரு மாணவனின் ஓராண்டையே விழுங்கிவிடக்கூடிய இடர். இவ்வேறுபாட்டை நம் கல்வியாளர்களும் சமுதாயப் பெரியோரும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் கருத்தினாலேயே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

மலையும் வடமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சாமையும் தேனும் பலாவும் தரும் இம்மலையில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் பேசுவது தமிழே. ஜமுனாமரத்தூரைத் தலையூராகக் கொண்ட இப்பகுதியில் சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில், காடும் ஓடையும் இடையிட அமைந்துள்ளன. சமவெளியில் ஒரு கடை அடைத்திருந்தால் அடுத்த தெருவிற்குப் போகலாம். மலையில் அடுத்த தெரு என்பது அடுத்த மலைச்சரிவாகவும் இருக்கலாம்.

இம்மக்களின் பிள்ளைகள் கல்லூரிப் படியை மிதிக்க வேண்டுமாயின் இன்று எத்தனை வாயில்களைக் கடக்க வேண்டும் என்று நோக்குவோம். சாதிச் சான்றிதழுக்கு இணையவழி விண்ணப்பம். வருமானச் சான்றிதழுக்கும் அவ்வாறே. கல்வி உதவித்தொகைக்கு இணையம். அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கைக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் இணையம். ஒவ்வொன்றிற்கும் ஒரு கடைசி நாள் உண்டு. கடைசி நாளன்று இ-சேவை மையத்துக் கணிப்பொறியோ பள்ளி ஆய்வகத்துக் கணிப்பொறியோ வாய்மூடிக் கிடந்தால், அக்காரணத்தைக் கேட்டு ஆறுதல் சொல்ல எவரும் இலர். விண்ணப்பம் வந்ததா, வரவில்லையா என்பது மட்டுமே மறுமுனைக்குத் தெரியும்.

வடத்தை ஊர்களுக்குக் கொண்டு சேர்ப்பதற்கு அரசுகள் பெருமுயற்சி செய்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஊராட்சிகளைக் கண்ணாடி இழைவடத்தால் இணைக்கும் தேசியத் திட்டம் 2011-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு, 2015-இல் பாரத்நெட் என்னும் பெயர் பெற்றது. தமிழகத்தில் இதனைச் செயற்படுத்துவதற்கெனத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 2018-இல் தோற்றுவிக்கப்பட்டது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பதே அதன் இலக்காக அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் கால்வாய் வெட்டும் பணிகள். கால்வாயின் கடைசி முழத்தில், கணிப்பொறியின் முதுகில் வடம் செருகப்படும் அச்சிறு துளைக்கு உள்ளே, மதகு திறக்கிறதா என்று பார்ப்பவர் யார் என்பதே நம் வினா.

மதகு எங்கே அடைபடுகிறது?

இணையம் வரவில்லை என்றவுடன் வடத்தைப் பிடுங்கிச் செருகுவதும், ரவுட்டரை அணைத்துப் போடுவதும், இறுதியில் இணைப்பு வழங்கும் நிறுவனத்தை ஏசுவதும் பொதுவழக்கம். புதுப்பித்தலுக்குப் பின் வரும் கோளாற்றில் பெரும்பாலும் இம்மூன்றுமே குற்றமற்றவை. நோய் நாடுவதற்கு முன் உடலின் கூறுகளை அறிதல் வேண்டும்.

கணிப்பொறியில் வடத்தை ஏற்கும் பகுதி வலையட்டை எனப்படும். அது ஒரு வன்பொருள். அதற்கு இயக்க முறைமையின் மொழி தெரியாது. இயக்க முறைமைக்கும் அதன் மொழி தெரியாது. இரண்டிற்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பவரே டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள். இயக்க முறைமை புதியதாக மாறும்போது பழைய மொழிபெயர்ப்பாளர் பணிநீக்கம் பெறுகிறார். அவருக்குப் பதில் வருபவர் அந்த வலையட்டையின் வழக்குமொழியை அறியாதவராக இருக்கலாம். சில வேளைகளில் எவருமே வராமலும் போகலாம். அட்டையில் விளக்கு எரியும். பேச்சு மட்டும் நடவாது.

இயக்கி செம்மையாக இருப்பினும் அடுத்த நிலை ஒன்று உண்டு. வலையில் சேரும் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் ஐ.பி. முகவரி வேண்டும். இல்லங்களிலும் கல்லூரிகளிலும் பெரும்பாலும் ரவுட்டரே இதனை வழங்குகிறது. புதுப்பித்த கணிப்பொறி கேட்ட கேள்விக்கு விடை வாராவிடில், அது 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். இவ்வெண்ணைத் திரையில் கண்டால், முகவரி வழங்கும் பணி நடைபெறவில்லை என்று துணியலாம். முகவரி கிடைத்தபின் மூன்றாம் நிலை, தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் பெயரகராதிப் பணி. நான்காவது, பாதுகாப்புக்கென நிறுவப்பட்ட தடுப்பரண்களும் வடிகட்டிகளும். பழைய இயக்க முறைமைக்கென எழுதப்பட்ட வடிகட்டி ஒன்று புதிய முறைமைக்குள் அரைகுறையாகத் தங்கிவிட்டால், அது போவார் வருவார் அனைவரையும் வாயிலிலேயே நிறுத்திவிடும்.

இந்நான்கு நிலைகளையும் வரிசையாக நோக்கினால் கோளாறு எங்குள்ளது என்பதை ஒரு பட்டப்படிப்பு மாணவர் அரைமணி நேரத்தில் கண்டறியலாம். வரிசை தெரியாதவரோ நாள் முழுதும் வடத்தையே திருகிக்கொண்டிருப்பார்.

இவற்றினும் கொடிது ஒன்றுண்டு. இழந்த இயக்கியை மீண்டும் பெற வேண்டுமாயின் அதனை உற்பத்தியாளரின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்குவதற்கோ இணையம் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். நகரத்தார் பக்கத்து வீட்டுக் கணிப்பொறியில் இறக்கிக்கொள்வர். ஒரே கணிப்பொறி, ஒரே வடம் என்றிருக்கும் மலையூரில் அப்பெட்டியைத் திறப்பதற்குப் பேருந்து ஏறித்தான் வரவேண்டும்.

உலகம் கண்ட சான்றுகள்

இஃது ஏழை நாட்டவர்க்கே உரிய தொல்லை என்றோ, கற்றறியாதவர் செய்யும் பிழை என்றோ எண்ணுவது தவறு. உலகின் மிகப்பெரும் நிறுவனங்களின் கைகளிலேயே இது நிகழ்ந்துள்ளது.

2008-ஆம் ஆண்டு செப்டம்பரில், லினக்ஸ் கருநிரலின் 2.6.27 என்னும் பதிப்பு முன்னோட்ட நிலையில் இருந்தபோது, அதனை நிறுவிப் பார்த்தோரிற் சிலருடைய இன்டெல் வலையட்டைகள் அடியோடு செயலிழந்தன. அட்டைக்குள் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்த செய்தியே அழிந்துபோனமையால், பழைய முறைமைக்குத் திரும்பியும் பயனில்லாது போயிற்று. அவ்வட்டைக்குரிய இ1000இ என்னும் இயக்கியின்மீதே முதலில் ஐயம் எழுந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, கருநிரலின் செயல்களைத் தடம்பற்றுவதற்கெனப் புதிதாகச் சேர்க்கப்பட்ட வேறொரு பகுதியே குற்றவாளி என்பது தெளிவாயிற்று. நோய் தோன்றிய இடம் வேறு, நோயின் மூலம் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. முன்னோட்டப் பதிப்பை ஆய்வாளர்கள் தாமே முதலில் சோதித்தமையால் பொதுமக்களின் கணிப்பொறிகள் பெரும்பாலும் தப்பின என்பதும் குறிக்கத்தக்கது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 என்னும் முறைமையை வெளியிட்டது. பழைய மறைவழி வலை மென்பொருள்கள் சிலவற்றைக் கொண்டிருந்த கணிப்பொறிகள் புதுப்பித்தவுடன் வட இணைப்பையும் கம்பியில்லா இணைப்பையும் ஒருங்கே இழக்கக்கூடும் என்பதை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு தீர்வும் வெளியிட்டது. 2016 டிசம்பரில் விண்டோஸ் 8, 10 ஆகிய முறைமைகளைக் கொண்ட கணிப்பொறிகள் பல, ரவுட்டரிடமிருந்து முகவரி பெற இயலாமல் இணையத்தை இழந்தன. கணிப்பொறியை அணைத்துப் போடாமல் ரீஸ்டார்ட் என்னும் கட்டளையால் மீளத் தொடங்குமாறு நிறுவனம் அறிவுறுத்தியது. இணையம் இழந்தோர்க்குரிய அறிவுரை இணையதளத்தில் வெளியிடப்பட்ட விந்தையை என்னென்பது!

அவ்வறிவுரையில் ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 8 முதலாக, கணிப்பொறியை அணைக்கும்போது அதன் உள்நிலை வட்டில் எழுதி வைக்கப்பட்டு மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. விரைவாகத் தொடங்குவதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆகவே அணைத்துப் போட்டால் பழைய கோளாறும் உடன் விழித்தெழும். மீளத் தொடங்கினால் மட்டுமே முற்றிலும் புதிதாகத் தொடங்கும். இச்சிறு செய்தியை அறிந்திருப்பின் பல மையங்களில் பல மணிநேரம் மிச்சமாகும்.

பெயர் மாற்றத்தால் வரும் குழப்பமும் உண்டு. சென்னைத் தெருக்களில் புதிய எண், பழைய எண் என்று இரண்டையும் எழுதாவிடில் அஞ்சல் தடுமாறுவதை அறிவோம். லினக்ஸ் முறைமைகளில் வடத்துளைக்கு ஈத்0 என்னும் பெயரே நெடுங்காலம் வழங்கி வந்தது. 2013-க்குப் பின், வலையட்டை பொருந்தியிருக்கும் இடத்தைக் கொண்டு பெயரிடும் புதிய முறை படிப்படியாகப் புகுந்தது. பழைய பெயரில் எழுதப்பட்ட அமைப்புக் கோப்புகள் உள்ள கணிப்பொறியில், பெயர் மாறிய அந்நாளே வடம் அடையாளமற்றுப் போகும். துளை அதே துளை. வடம் அதே வடம். அழைக்கும் பெயர்தான் வேறு.

புதுப்பிக்காதிருந்தால் என்ன?

இவ்வளவு தொல்லையெனில் பழையதிலேயே இருந்துவிடலாமே என்று சிலர் உரைக்கக்கூடும். அவ்வுரை ஏற்கத்தக்கதன்று. 2017 மே மாதம் வான்னகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியபோது இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுப் பணியின் மருத்துவமனைகள் பல நிலைகுலைந்தன. அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்காதிருந்த கணிப்பொறிகளும், ஆதரவு முடிந்த பழைய முறைமையில் ஓடிய கணிப்பொறிகளுமே வீழ்ந்தன. மக்களின் சான்றிதழ்களும் கைரேகையும் வங்கி விவரமும் கடந்து செல்லும் ஒரு மையம் காவலற்ற கணிப்பொறியை வைத்திருப்பது அறமன்று.

மேலும், விரும்பினும் விரும்பாவிடினும் காலம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகிறது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்குரிய ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்குரியது 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிவுற்றன. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் ஓரளவு புதிய செயலியும் இல்லாத கணிப்பொறிகளை முறைப்படி ஏற்பதில்லை. பள்ளிகளிலும் சிறு மையங்களிலும் உள்ள நல்ல நிலையிலான கணிப்பொறிகள் பல இதனால் வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றன. அவற்றைக் குப்பையில் எறிவதா, லினக்ஸ் போன்ற வேறு முறைமைக்கு மாற்றுவதா என்னும் வினா நம் முன் நிற்கிறது. எவ்வழியை மேற்கொள்ளினும் மாற்றம் உறுதி. மாற்றம் உறுதியெனில் மதகடைப்பு வாய்ப்பும் உறுதி.

ஆகவே, புதுப்பிக்கலாமா கூடாதா என்பது இன்று வாதத்திற்குரிய பொருளன்று. அப்பணி எவர் பொறுப்பில், எந்நாளில், என்ன ஆயத்தத்தோடு நடைபெற வேண்டும் என்பதே வாதத்திற்குரியது. புதுப்பித்தலைத் தனியொருவரின் தலையில் சுமத்துவது தவறு. அது ஊர்ப்பொதுப் பணியாக அமைய வேண்டும் என்பது நம் துணிபு.

காவலூர் கற்பிக்கும் பாடம்

ஜவ்வாது மலையிலேயே இதற்கு ஒரு வழிகாட்டி உண்டு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர் வானாய்வகம் வரும். வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்த இவ்விடத்தில் 1968-ஆம் ஆண்டு 38 செ.மீ. தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே வியாழனின் துணைக்கோளாகிய கானிமீட் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வு இங்கிருந்து நோக்கப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்ட நிகழ்விலும் காவலூர் பங்குகொண்டது. 1986 ஜனவரி 6 அன்று 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இத்தனை ஆண்டுகளில் அங்கே மாறாதது என்ன, மாறியது என்ன? தொலைநோக்கியின் ஆடி நிலைத்து நின்றது. அதன் பின்னே ஒளிப்படத் தகடு இருந்த இடத்திற்கு மின்னணு உணர்கருவி வந்தது. பழைய உடலை எறியாமல் புதிய கண்ணைப் பொருத்திக்கொள்ளும் கலை அது. மேலும், வானியலார் புதிய கருவியைப் பொருத்தியவுடன் அறியாத விண்மீனை நோக்கப் புகுவதில்லை. ஒளியளவு முன்பே தெரிந்த விண்மீன்களை அளந்து, விடை சரியாக வருகிறதா என்று பார்த்த பின்னரே ஆய்வில் இறங்குவர். காடு சூழ்ந்த மலையுச்சியில் நுண்கருவிகளைப் பல்லாண்டு காக்க இயலும் என்பதை அம்மலையே மெய்ப்பித்துள்ளது. அங்கே கருவியைக் காப்பதற்கென்று ஆள் உண்டு, குறிப்பேடு உண்டு, முறை உண்டு. அதே மலையின் பள்ளிக் கணிப்பொறிக்கு இம்மூன்றும் ஏன் இருத்தலாகாது?

அண்டை மாநிலமும் நம் மாநிலமும்

கேரளத்தில் 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டம் தொடங்கிற்று. 2017 முதல் அது கைட் என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்துள்ளது. பள்ளிகளுக்கென லினக்ஸ் அடிப்படையில் தனி இயக்க முறைமையை அவர்களே தொகுக்கின்றனர். 2019-இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளை முன்னிட்டு ஒரு புதிய பதிப்பை வெளியிட்டனர். இங்கே நாம் கருத வேண்டியது இலவச மென்பொருள் என்னும் சிக்கனம் மட்டுமன்று. எப்போது புதுப்பிப்பது, எதைச் சேர்ப்பது, கோளாறு நேர்ந்தால் எவரை அழைப்பது என்பனவற்றை ஓர் அமைப்பு பொறுப்பேற்றிருக்கிறது. தனித்தனி ஆசிரியர் தம் தலைவிதியை நொந்துகொள்ள வேண்டுவதில்லை.

தமிழகத்திலும் விதை இல்லாமற் போகவில்லை. சென்னையிலுள்ள சி-டாக் மையம் 2007-இல் பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய இயக்க முறைமையை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் முறைமையும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஆயின் மடிக்கணினியைப் பெற்ற பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அவ்விரண்டாம் முறைமையைத் திறக்கக் கற்பித்தோம்? பொருளைக் கொடுத்தலோடு பணி முடிந்தது என்று கருதும் மனப்பான்மை அரசுக்கு மட்டும் உரியதன்று. நம் அனைவரிடத்தும் உள்ளது. பள்ளிக்குப் பத்துக் கணிப்பொறி வழங்கும் விழாவில் மேடையும் மாலையும் உண்டு. மூன்றாண்டு கழித்து அவற்றைப் புதுப்பித்துத் தர விழா இல்லை. ஆதலால் ஆளும் இல்லை.

நம் முன்னோர் ஏரியை வெட்டியதோடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் ஊர்கூடிக் குடிமராமத்து செய்தனர். மதகைத் திறக்கவும் அடைக்கவும், வாய்க்காலைக் கண்காணிக்கவும் நீர்க்கட்டி என்னும் பணியாளரை அமர்த்தி, விளைச்சலில் அவருக்குப் பங்கும் அளித்தனர். வெட்டியவரின் பெயர் கல்வெட்டில் நின்றது. ஏரியோ நீர்க்கட்டியால் நின்றது. இன்றைய இணைய வடத்திற்கு ஊருக்கொரு நீர்க்கட்டி வேண்டும்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன பணி?

கணிப்பொறித் துறையார் பேச வேண்டியதைத் தமிழ்த்துறை மலரில் பேசுவானேன் என்று வினவலாம். முறைமை மாறும்போது முதலில் அடிபடுவனவற்றுள் மொழியும் ஒன்று என்பதைத் தமிழ் கற்போர் மறந்துவிடலாகாது. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி எழுத்துரு முறையைக் கையாண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் எழுத்துரு முறையையும் தரப்படுத்த முயன்றது; 2010 ஜூன் மாதம் தமிழக அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துரு 16 என்னும் முறையையும் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட ஆய்வேடுகளும் மலர்களும், உரிய எழுத்துரு இல்லாத புதிய கணிப்பொறிகளில் திறந்தபோது பொருளற்ற குறிகளாகத் தோன்றின. கோப்பு இருந்தது, படிக்க வழி இல்லை. வடம் இருந்தும் இணையம் இல்லாமைக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

மற்றொன்றும் உண்டு. கோளாறு நேர்ந்தவுடன் திரையில் தோன்றும் எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது. மலையூர் மையத்தில் அமர்ந்திருக்கும் இளைஞருக்கு அது புரியாத மந்திரம். அச்செய்திகளுள் அடிக்கடி வரும் முப்பதைத் தேர்ந்து, இன்னது தோன்றினால் இன்ன பொருள், இன்னது செய்க என்று எளிய தமிழில் ஒரு சிறு கையேடு எழுதினால் அது தமிழுக்கும் தொண்டு, மக்களுக்கும் தொண்டு. கலைச்சொல் ஆக்கம் கருத்தரங்கோடு முடிந்துவிடாமல், பழுது நீக்கும் கையில் புழங்கும்போதே உயிர் பெறும். நெட்வொர்க் என்று மக்கள் சொன்னால் அதனையும் எழுதி, வலையமைப்பு என்பதையும் அருகே வைப்போம். எது வாழும் என்பதை வழக்கே முடிவு செய்யட்டும்.

செய்ய வேண்டுவன

குறைகூறுதல் எளிது, வழிகூறுதலே கடமை. ஆதலின் சிலவற்றை இங்கு முன்வைக்கிறோம்.

முதலாவது, நாள் பார்த்தல். சேர்க்கை, தேர்வு, உதவித்தொகை ஆகியவற்றின் கடைசி நாள்களையொட்டி எந்தக் கணிப்பொறியையும் புதுப்பித்தல் கூடாது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் சில வாரங்களுக்குத் தள்ளிவைக்க விண்டோஸிலேயே வழி உண்டு. நீண்டகாலம் தள்ளுதல் தவறு. நெருக்கடி வாரத்தைத் தவிர்த்தல் அறிவுடைமை.

இரண்டாவது, குறிப்பேடு. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் அதன் வலையட்டையின் பெயரும் மாதிரி எண்ணும், முகவரி தானாக வருகிறதா கையால் இடப்பட்டதா என்பதும், இணைப்பு வழங்குவோரின் கடவுச்சொல் வேண்டுமா என்பதும் தாளில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். கணிப்பொறிக்குள் எழுதி வைத்த குறிப்பு கணிப்பொறி படுத்தால் உடன் படுத்துவிடும்.

மூன்றாவது, கட்டுச்சோறு. புதுப்பிப்பதற்கு முன்பே, புதிய முறைமைக்குரிய வலையட்டை இயக்கியை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யு.எஸ்.பி. துளையில் பொருந்தும் வலையட்டை ஒன்றும் கைவசம் இருப்பது நலம். செல்பேசியை யு.எஸ்.பி. வடத்தால் கணிப்பொறியோடு இணைத்து அதன் இணையத்தைப் பெறும் முறையையும், அலைவரிசை எட்டும் இடங்களில், பழகிக்கொள்ளலாம்.

நான்காவது, ஒன்றிற் சோதித்தல். பத்துக் கணிப்பொறிகள் உள்ள ஆய்வகத்தில் ஒன்றை மட்டும் முதலில் புதுப்பித்து, தெரிந்த பணிகள் அனைத்தும் நடைபெறுகின்றனவா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பிறவற்றைத் தொட வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் புதிய பதிப்பிற்கு மாறியபின் பத்து நாள்களுக்குள் பழைய பதிப்பிற்குத் திரும்ப வழி உண்டு. அப்பத்து நாள் கழிவதற்குள் இடம் வேண்டுமென்று பழைய கோப்புகளை அழித்துவிடுதல், ஆற்றைக் கடந்தவுடன் திரும்பும் ஓடத்தை எரிப்பது போலாகும்.

ஐந்தாவது, ஆள். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கப்பெற்றது. அதன் ஏழுநாள் முகாம்களில் நம் மாணவர் சாலை செப்பனிடுகின்றனர், மரம் நடுகின்றனர். ஜவ்வாது மலையூர்களில் நடக்கும் முகாமில் ஒருநாளை இப்பணிக்கு ஒதுக்கலாம். கணிப்பொறித் துறை மாணவர் இருவரும் தமிழ்த்துறை மாணவர் இருவரும் ஒரு குழுவாகச் சென்று, பள்ளிக் கணிப்பொறிகளைப் பார்த்து, குறிப்பேடு எழுதி, அவ்வூர் இளைஞர் ஒருவருக்கும் இளம்பெண் ஒருவருக்கும் அந்நான்கு நிலைகளையும் கற்பித்துவிட்டு வரட்டும். மாணவர் திரும்பிவிடுவர், ஊரார் இருப்பர். ஆதலின் கற்பித்தலே முதற்பணி, பழுதுநீக்கல் அடுத்த பணி.

ஆறாவது, கொடை. சமுதாயப் பெரியோர்க்கும் கொடையாளர்க்கும் ஒரு பணிவான விண்ணப்பம். கணிப்பொறி வாங்கித் தருவதற்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கெனத் தனியே எடுத்து வையுங்கள். பத்து வாங்கும் இடத்தில் எட்டு வாங்கி, எஞ்சிய தொகையில் அவ்வூர் இளைஞர் ஒருவருக்குப் பயிற்சியும் சிறு ஊதியமும் அளித்தால், எட்டும் பல்லாண்டு உழைக்கும். பத்தும் மூன்றாண்டில் தூசு படிந்து கிடப்பதினும் இது மேலன்றோ? விற்பனையாளரோடு எழுதும் ஒப்பந்தத்திலும், இயக்க முறைமை மாறினால் வலையிணைப்பைச் சரிசெய்து தரும் பொறுப்பை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

நிறைவாக

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். பழுதுநீக்கம் தாழ்ந்த தொழில் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. புதியன படைப்போரைப் போற்றுகிறோம். படைத்தவற்றைக் காப்போரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. மலையடிவாரத்துக் கல்லூரியில் படிக்கும் நம்மோடு, மலையிலிருந்து இறங்கிவந்து ஒரே விசுப்பலகையில் அமரும் தோழர்கள் உளர். அவர்கள் நம்மோடு அமர்வதற்கு முன் எத்தனை வாயில்களைக் கடந்தனர் என்பதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டு அவர்தம் தம்பியும் தங்கையும் அதே வாயில்களில் நிற்பர். அன்று மலையூர்க் கணிப்பொறி புதிய முறைமைக்கு மாறியிருக்கலாம், வடம் செருகப்பட்டிருக்கலாம், விளக்கும் எரியலாம்.

அரசு வடத்தைக் கொண்டு வந்தது. நிறுவனம் மென்பொருளைத் தந்தது. கொடையாளர் கணிப்பொறியை அளித்தனர். எஞ்சியிருப்பது மதகைத் திறக்கும் கை ஒன்றே. அக்கை கற்ற கையாக, ஊரிலேயே உள்ள கையாக இருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.